மலை இறங்கிய படகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு வயர்மேன். எங்கள் கம்பம் ஊரில் எந்த வீட்டிலாவது லைட் தானாக அணைகிறது, தானாக எரிகிறது, என்னமோ நடமாடுகிறது என்று சொன்னால் ஓதிப் பார்க்கிற ஆளுக்கு முன்னால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் போய் நியூட்ரல் வயரை இறுக்கிவிட்டு, பேய் போயிருச்சு, டீ போடுங்க என்று சொல்லிவிட்டு வருவேன். இத்தனை வருஷத்தில் லூஸ் கனெக்‌ஷன் இல்லாத பேயை நான் பார்த்ததே கிடையாது. அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் உதட்டைப் பிதுக்கினால் எனக்குக் கோபம் வராது. வரும், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டேன். வேறு யாராவது இதை என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானும் உதட்டைத்தான் பிதுக்கியிருப்பேன்.

என் சம்சாரத்தின் தம்பி சிராஜ் சொந்தமாக லாரி வைத்திருக்கிறான். போன மழைக்காலத்தில் அவனுக்கு ஒரு லோடு வந்தது, கேரளாவில் குமரகத்திலிருந்து மண்டபத்துக்கு ஒரு படகு. மீன்பிடி வள்ளம் இல்லை, பாய் கட்டி ஓட்டுகிற படகு, நடுவில் ஒரு ஆள் படுத்து எழுந்து சமைத்துச் சாப்பிடுகிற அளவுக்குச் சின்ன அறை வைத்தது. லீலாம்மா டீச்சர் என்று ஒருவர், வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர், இருந்த வீட்டை விற்றுவிட்டு அந்தப் படகிலேயே குடியிருந்தார். காயலில் ஆகாயத்தாமரை மண்டிப் போச்சு, இனிமேல் கடல்தான் என்று முடிவு பண்ணிவிட்டார். அந்த மழையில் மேற்குக் கடலில் குமரியைச் சுற்றி வர முடியாது என்று எல்லாரும் சொல்லவே, படகை லாரியில் ஏற்றி மலை தாண்டிக் கொண்டுபோவது என்று ஏற்பாடு. படகு மலை ஏறுகிறதா என்று நான்கூடச் சிரித்தேன்.

நான் எதற்கு என்று கேட்பீர்கள். படகை லாரியில் நிறுத்தினால் அது ஒரு மாடி உயரம் வந்துவிடுகிறது. ரோட்டுக்குக் குறுக்கே எத்தனை கேபிள் வயர், எத்தனை கரண்ட் கம்பி. வைக்கோல் லாரியின் உச்சியில் ஒரு ஆள் உட்கார்ந்து மூங்கில் கழியால் வயரைத் தூக்கிவிட்டுக்கொண்டே வருவான் இல்லையா, அந்த வேலைதான். கம்பியைத் தொடுகிற வேலை என்பதால் தெரிந்த ஆள் வேண்டும் என்று சிராஜ் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆக மூன்று பேர். சிராஜ் ஸ்டியரிங்கில், நான் படகின் மேல்தட்டில் கழியோடு, டீச்சர் உள்ளே அந்தச் சின்ன அறையில். அவரை முன்னால் கேபினில் வந்து உட்காரச் சொல்லி நாங்கள் மன்றாடாத இடம் இல்லை. மசியவில்லை. மழையில் ரோடு மோசம், பகலில் மட்டும்தான் ஓட்டினோம், அதுவும் ஊர்ந்து ஊர்ந்து. ஓரங்கட்டிய இடத்தில் அவர் அங்கேயே அடுப்பைப் பற்றவைத்துக் கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் வைத்து, எங்களுக்கும் எட்டிக் கொடுப்பார். நான் மேல்தட்டில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்துக்கொள்வேன். உள்ளே மாதா படம், கயிற்றில் தொங்கும் பாத்திரம், கறிவேப்பிலைச் செடி ஒரு டப்பாவில். வீடேதான். நானும் அந்தச் சில நாள் படகில் குடியிருந்தவன்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இது தெரியாமல் மற்றது புரியாது. படகின் வயிறு ரெண்டு பக்கமும் லாரியை விட்டுப் புடைத்துக்கொண்டு நின்றதால் சிராஜுக்கு ரெண்டு கண்ணாடியிலும் பின்னால் ஒன்றும் தெரியாது. எங்கள் பக்கம் ஜீப்போ லாரியோ எதுவானாலும் பின்னால் நிற்கிற ஆள் பாடியில் தட்டுவதுதான் கணக்கு. ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. ரெண்டு தட்டு தட்டினால் ரைட், போகலாம். ஜீப்பில் ஆள் ஏறவும் அப்படித்தான், ஒரு தட்டில் வண்டி நிற்கும், ஏறினதும் ரெண்டு தட்டு, வண்டி கிளம்பும். யார் தட்டினது என்று டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். தட்டு விழுந்தால் கால் தானாகப் போகும். ரொம்ப நெருக்கமான வளைவு வந்தால் நான் இறங்கிப் பின்னால் நின்று படகின் வயிற்றிலேயே தட்டுவேன், தவில் மாதிரி நல்ல சத்தம் வரும், முன்னால் தெளிவாகக் கேட்கும். டீச்சர்கூட இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இது நல்ல பாஷையா இருக்கே என்றார்.

குமுளி செக்போஸ்ட் தாண்டினபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. அதற்கு அப்புறம் இறக்கம்தான், லோயர்கேம்ப் வரைக்கும் வளைவு மேல் வளைவு. முதல் வளைவுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போதே படகின் வயிற்றில் ஒரு தட்டு. சிராஜ் உடனே நிறுத்தினான். நான் மேலிருந்து எட்டிப் பார்த்தேன், யாரும் இல்லை. ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் ஒன்று அப்போதுதான் உரசிக்கொண்டு போயிருந்தது, அதில் தொங்கிக்கொண்டு போன எவனோ விளையாட்டுக்குத் தட்டிவிட்டான் என்று நினைத்தேன். பழக்கதோஷம் பாருங்கள். குனிந்து, கை நீட்டி, நான் ரெண்டு தட்டு தட்டினேன். வண்டி கிளம்பிவிட்டது.

இன்றைக்கும் அந்த ரெண்டு தட்டை நினைத்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். ஒரு தட்டு விழுந்து வண்டி நின்றால் யாரோ ஏறப் போகிறார்கள் என்று அர்த்தம். ரெண்டு தட்டுக்கு, ஏறியாச்சு என்று அர்த்தம். இதை அப்போது நான் யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் வேறு எவனும் யோசித்திருக்கவும் மாட்டான்.

ரெண்டு வளைவு இறங்குவதற்குள் மேகம் ரோட்டுக்கே வந்துவிட்டது. இரைச்சல் பாலம் தெரியும் இல்லையா, தண்ணீர் போகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காத இடம். அதைத் தாண்டின வளைவில் எதிரே ஒரு பஸ் ஏறி வந்து மூக்கோடு மூக்கு நின்றுவிட்டது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும், அதன் பின்னால் ஜீப்புகள் வேறு. நாங்கள்தான் பின்னால் எடுக்க வேண்டும். நான் கயிற்று ஏணியில் இறங்கி மலையை ஒட்டின பக்கம் பின்னால் போய் நின்று, ரோட்டு அகலத்தைப் பார்த்து, சரி, தட்டலாம் என்று கையைத் தூக்கவே இல்லை, லாரி பின்னால் வர ஆரம்பித்துவிட்டது.

அவசரக் குடுக்கை என்று திட்டிக்கொண்டே ஒரு தட்டு தட்டினேன். நின்றது. உடனே பள்ளத்துப் பக்கமிருந்து ரெண்டு தட்டு கேட்டது. லாரி வந்தது. நான் மறுபடி ஒன்று. நின்றது. அந்தப் பக்கமிருந்து ரெண்டு. வந்தது. நான் தட்டத் தட்ட அதுவும் தட்டுகிறது, நான் நிறுத்து என்கிறேன், அது வா என்கிறது. சிராஜுக்கு எது யார் தட்டு என்று எப்படித் தெரியும்? தொண்டை கிழியக் கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை.

எந்தக் கிறுக்கன் என்று பார்க்க லாரியைச் சுற்றிப் பள்ளத்துப் பக்கம் ஓடினேன். ஓடினவன் அப்படியே நின்றுவிட்டேன். அங்கே ஆள் நிற்க இடமே இல்லை. பின் சக்கரம் தாரை விட்டு இறங்கிச் சகதியில் இருந்தது, படகின் பின்பாதி கைப்பிடிச் சுவரைத் தாண்டி அந்தரத்தில் நின்றது, கீழே வெறும் மேகம். படகின் வயிற்றில் ஈரமும் புழுதியும் சேர்ந்து அப்பியிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது என் முகத்துக்கு நேராக ரெண்டு தட்டு விழுந்தது. நீர்த்துளிகள் தெறித்தன. என் கன்னத்தில் பட்டன. கை இல்லை. தட்டினது மட்டும் இருந்தது, தட்டின கை இல்லை. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எழுந்து போங்கள்.

யா அல்லாஹ் என்றுதான் வாயில் வந்தது. ஆனால் ஒன்று மட்டும் புத்தியில் இருந்தது, டீச்சர் உள்ளே இருக்கிறார். சக்கரம் இன்னும் ஒரு முழம் போனால் முதலில் போவது படகுதான், அவரோடு சேர்த்து. எப்படி முன்னால் ஓடினேன் என்று தெரியாது, கதவைத் திறந்து சிராஜின் மேல் விழுந்து கைபிரேக்கை இழுத்துவிட்டேன்.

அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். "நீங்கதான மச்சான் ரைட் குடுத்தீக?"

"நான் குடுக்கலடா. சத்தியமா நான் குடுக்கல."

பஸ்ஸுக்கு வழி கிடைத்துவிட்டது. எங்களை உரசிக்கொண்டு போகும்போது படிக்கட்டில் நின்ற கண்டக்டர் கோபமாக என்னைப் பார்த்துச் சொன்னார். "ஏன்யா, மேல படுத்துக்கிட்டு ரைட் குடுக்குற ஆளுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? பள்ளத்துக்குள்ள கூப்புடுறாரு வண்டிய!"

ஜீப்புகளும் போய்விட்டன. பின்னால் மேகம் மூடிக்கொண்டது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அப்படியானால் தட்டினது டீச்சர்தான், வயசான காலத்தில் இது என்ன விளையாட்டு என்று ஏணியில் ஏறினேன். மேல்தட்டில் யாரும் இல்லை. என் தார்ப்பாய் மட்டும் கிடந்தது. அறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினதும் டீச்சர் திறந்துவிட்டு, மறுபடி ஒரு கையில் அடுப்பையும் ஒரு கையில் பாத்திரக் கயிற்றையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார், லாரி குலுங்கினதிலிருந்து அப்படியேதான் நிற்கிறாராம்.

நீங்கள் தட்டினீர்களா என்று கேட்டேன். இல்லை, நீ தட்டினதைத்தான் நான் கேட்டேன் என்றார். நடந்ததைச் சொன்னேன். முகம் வெளுத்துப்போச்சு, ஆனால் கத்தவில்லை. இறங்கிவிடுங்கள் டீச்சர், காலைப் பிடித்துக் கேட்கிறேன், லோயர்கேம்ப் வரைக்கும் நடந்து வாருங்கள் என்றேன். அவர் அந்த அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இறங்குனா நான் எங்க போறது மோனே? எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். போனா இதோட போறேன்."

சொல்லிவிட்டு ஒரு கயிற்றை எடுத்தார். பாய் கட்டுகிற கயிறு, மெல்லிசு, ஆனால் கெட்டி. அவரே இறங்கி வந்து சிராஜின் இடது கையில் முழங்கைக்கு மேலே ஒரு முடிச்சுப் போட்டார். இனிமேல் எந்தத் தட்டையும் கேட்காதே, கயிறு ஒரு தரம் இழுத்தால் நிறுத்து, ரெண்டு தரம் இழுத்தால் போ என்று கணக்கு டீச்சர் மாதிரியே ரெண்டு தரம் சொல்லிக்கொடுத்துவிட்டு மறுபடி ஏறி உள்ளே போய்விட்டார். கயிற்றின் மறு நுனி ஜன்னல் வழியாகப் பின்னால் வந்து என் கையில். அதாவது நான் பின்னாலேயே நடந்து வர வேண்டும், அந்தப் படகுக்குப் பின்னாலேயே, அந்த மேகத்துக்குள்ளே.

அந்த நடை இருக்கிறதே, எதிரிக்குக்கூட வேண்டாம். சகதியிலிருந்து சக்கரம் ஏறினதிலிருந்து தட்டு நிற்கவில்லை. ரெண்டு. கொஞ்சம் விட்டு ரெண்டு. வளைவு வந்து நான் கயிற்றை ஒரு தரம் இழுத்து நிறுத்தினால் போதும், வேகமாக ரெண்டு, ரெண்டு, ரெண்டு, பொறுமை போன ஆள் தட்டுகிற மாதிரி. நான் தலையை நிமிர்த்தவே இல்லை. ரோட்டையும் சக்கரத்தையும் மட்டும் பார்த்தேன். கண்டக்டர் சொன்னது காதிலேயே இருந்தது, மேலே பார்த்தால் எதுவோ என்னைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. தெரிந்த ஓதலெல்லாம் ஓதினேன், பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். சிராஜ் பிறகு சொன்னான், ஒவ்வொரு ரெண்டு தட்டுக்கும் அவன் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தப் போகுமாம், பல்லைக் கடித்துக்கொண்டு காலைப் பிடித்து வைத்திருந்தானாம். அழுதுகொண்டேதான் ஓட்டினேன் மச்சான் என்றான். அவன் அழுது நான் பார்த்தவன் இல்லை.

மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்குகிற பெரிய குழாய்கள் தெரிகிற இடத்தில் மேகம் விலகி வெயில் வந்துவிட்டது. தட்டும் நின்றுபோச்சு. லோயர்கேம்ப்பில் டீக்கடை ஓரம் நிறுத்தினோம். நான் ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிராஜ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே லாரியைச் சுற்றி வந்தவன், மச்சான், இங்கன வாங்க என்று மெதுவாகக் கூப்பிட்டான்.

படகின் வயிற்றுப் புழுதியில் கை அடையாளம். ஒன்றல்ல, பதிந்து பதிந்து எத்தனையோ. நானும் தட்டியிருக்கிறேன், என் கை பின்பக்கம் இருந்தது, தரையில் நின்று தட்டினால் எப்படி இருக்குமோ அப்படி, விரல் மேலே பார்த்து. மேலிருந்து குனிந்து தட்டினது விளிம்பை ஒட்டி உச்சியில். இது பக்கவாட்டில், அதற்கும் ரொம்பக் கீழே, விரல் எல்லாம் தரையைப் பார்த்து இருந்தது. மேல்தட்டில் குப்புறப் படுத்துக் கையைத் தொங்கவிட்டுத் தட்டினால்தான் அப்படி விழும். சரி, எவனோ படுத்திருந்தான் என்றே வைத்துக்கொள்வோம். நான் மேலே ஏறி, அதே இடத்தில் குப்புறப் படுத்து, கையை எட்டினமட்டும் நீட்டிப் பார்த்தேன். என் விரல் நுனிக்கும் அந்த அடையாளத்துக்கும் நடுவில் இன்னொரு கை அளவு இடைவெளி இருந்தது.

நான் படுத்த இடம் என் தார்ப்பாய் கிடந்த இடம். செக்போஸ்ட்டிலிருந்து அந்த பஸ் வரைக்கும் நான் அங்கேதான் உட்கார்ந்து வந்தேன், பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு.

டீச்சர் இறங்கி வந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். அப்புறம் வாளியில் தண்ணீர் மொண்டு, துணியை நனைத்து, ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைத்துவிட்டு மேலே போய், பால் இல்லாமல் கட்டன்சாயா போடட்டுமா என்று கேட்டார். நான் கூடலூரிலேயே கழன்றுகொள்ளலாம் என்று நினைத்தேன், ஆனால் கம்பம், சின்னமனூர், தேனி என்று ஊர் பூராவும் வயர், அந்த அம்மாவை அப்படி விட்டுப் போக மனசு வரவில்லை. மேல்தட்டின் எதிர் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு மண்டபம் வரைக்கும் போனேன். அப்புறம் எதுவும் நடக்கவில்லை. கிரேன் வைத்துப் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். டீச்சர் கையை ஆட்டினார், நாங்களும் ஆட்டிவிட்டு ஊருக்கு வந்துவிட்டோம்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். மேகத்தில் எதிரொலி, பயந்தவன் கண்ணுக்கு எல்லாம் தெரியும், கை அடையாளம் டீச்சருடையது. எல்லாம் நானே எனக்குச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அத்தோடு போயிருந்தால் நானும் லூஸ் கனெக்‌ஷன் கணக்கில் எழுதிவிட்டுப் படுத்திருப்பேன்.

டீச்சர் எப்போதாவது போன் பண்ணுவார். அங்கே தீவுக்கும் பாறைக்கும் நடுவில் படகு போகிற வழி ரொம்பக் குறுகலாம், தண்ணீருக்கடியில் இருக்கிற பாறை கண்ணுக்குத் தெரியாதாம், ஒரு அடி தப்பினால் அடிப்பலகை கிழிந்துவிடுமாம். முதலில் பயந்து பயந்துதான் பேசினார். அப்புறம் பேச்சில் பயம் போய்விட்டது. இப்போதெல்லாம் சுலபமாகப் போய் வருகிறேன் என்றார். எப்படி டீச்சர் என்று கேட்டால் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

போன மாசம் ஒரு காலைநேரம் பேசிக்கொண்டிருந்தோம். கடலில்தான் இருந்தார், காற்றும் பாய் படபடக்கிறதும் கேட்டது. என் சம்சாரத்துக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். நிறுத்துவதற்கு முன்னால் நான் அதைக் கேட்டேன். ஒரு தட்டு. எந்தக் கூட்டத்தில் தட்டினாலும் எனக்கு அது தெரியும்.

"ஒரு நிமிஷம் யூசுப்," என்றார் டீச்சர், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே. "நிறுத்தச் சொல்றாக."

கொஞ்ச நேரம் வெறும் காற்று. அப்புறம் ரெண்டு தட்டு. ஆ, போகலாம் என்று டீச்சர் யாருக்கோ சொன்னார், எனக்கு இல்லை. டீச்சர், அது சொல்லிப் போகாதீங்க, அன்றைக்கு அது நம்மைப் பள்ளத்துக்குக் கூப்பிட்டதை மறந்துவிட்டீர்களா என்று கெஞ்சினேன், திட்டினேன், என்னென்னவோ சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியாதா மோனே. என்னைக்காவது ஒருநாள் அப்படிக் கூப்புடும். அது வரைக்கும் வழி சரியாத்தான சொல்றாக. எனக்கு வேற யாரு இருக்கா சொல்ல?"

சிராஜிடம் சொன்னேன். அவன் அதைப் பற்றிப் பேசாதீர்கள் என்று எழுந்து போய்விட்டான். நேற்றும் டீச்சர் நம்பர் போனில் வந்தது. எடுக்கவும் பயமாக இருக்கிறது, எடுக்காமல் விடவும் பயமாக இருக்கிறது. எடுத்தேன். இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார்.